மெஷின் வந்த கதை: மில் சங்கு ஊதிய ஊருக்கு எட்டு மணி நேர வேலை வந்தது எப்படி?

எங்கள் ஆயாவுக்கு வயது 84. இன்று வரை கையில் வாட்ச் கட்டியதில்லை. "அந்தக் காலத்துல டைம் எப்படி ஆயா தெரிஞ்சிக்குவ?" என்று ஒருமுறை கேட்டேன். என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

"டைம் எதுக்குடி பாக்கணும்? அதான் மில்லு சங்கு ஊதுமே!"

முதல் சங்குக்கு அடுப்பு பற்ற வைக்க வேண்டும். அடுத்த சங்குக்குள் தாத்தாவின் தூக்குச் சட்டியில் சோறு இறங்கியிருக்க வேண்டும். சாயங்காலச் சங்கு ஊதினால் தெருவில் சைக்கிள் மணிச் சத்தம் கேட்கும், டீக்கடையில் கூட்டம் சேரும். மில்லில் வேலை பார்க்காத வீடுகளும் அந்தச் சங்கை வைத்துத்தான் குழந்தையைப் பள்ளிக்கு அனுப்பின. புதுச்சேரியில் ஒரு தலைமுறைக்கே கடிகாரம் அதுதான்.

அமெரிக்காவில் பிறந்த கண்டுபிடிப்புகள் நம் வீட்டுக்கும் ஊருக்கும் வந்த கதையைத்தான் இந்தத் தொடரில் பார்த்து வருகிறோம். இந்த வாரம் நம்ம ஊர் மில்லுக்குள் போகலாம்.

பஸ் ஏறிய இடம்

புதிய பேருந்து நிலையத்தைப் புதுப்பித்தபோது, பஸ்கள் தற்காலிகமாக ஏ.எஃப்.டி. மைதானத்திலிருந்து கிளம்பியது நினைவிருக்கிறதா? வெயிலில் நின்று பஸ் தேடியவர்களில் நானும் ஒருத்தி. பக்கத்தில் நின்ற ஒரு கல்லூரி மாணவர், "ஏ.எஃப்.டி.ன்னா என்னங்க அர்த்தம்?" என்று கேட்டார். ஆங்கிலோ பிரெஞ்ச் டெக்ஸ்டைல்ஸ் என்றேன். "ஓ, கடையா?" என்றார்.

கடை இல்லை. 1898-ல் தொடங்கிய பஞ்சாலை. ஊர்க்காரர்களுக்கு அது ரோடியர் மில். இதோடு சுதேசி மில், பாரதி மில் என்று மூன்று பெரிய ஆலைகள் இந்தச் சின்ன ஊரில் ஓடின. தாத்தா, அப்பா, மகன் என்று மூன்று தலைமுறை ஒரே கேட் வழியாக வேலைக்குப் போன குடும்பங்கள் இங்கே உண்டு.

இந்த மூன்றில் மூத்தது எது? இன்று போராட்ட அறிவிப்புகளில் 'சுதேசி மில் அருகில்' என்று அடிக்கடி படிக்கிறோமே, அதுதான். பழைய பெயர் சவானா மில். அதன் வேர் 1828-29-க்குப் போகிறது.

1828: ஒரே நேரத்தில் இரண்டு ஊர்கள்

அப்போது பிரெஞ்சு ஆட்சி. பிளேன், தெல்ப்ரூக் என்ற இரு பிரெஞ்சுக்காரர்கள் அரசின் ஆதரவோடு புதுச்சேரியில் ஓர் இயந்திர நூற்பாலையைத் தொடங்கினார்கள். பம்பாயில் தாவர் தன் மில்லைத் தொடங்கியது 1854-ல். கோயம்புத்தூரின் ஸ்டேன்ஸ் மில் 1888-ல். கல்கத்தா பக்கம் இதற்கும் முன்பே ஒரு மில் முயற்சி நடந்திருந்தாலும், தென்னிந்தியாவைப் பொறுத்தவரை புதுச்சேரி ரொம்பவே சீக்கிரம்.

ஏன் இங்கே? காரணம் ஒரு நீலத்துணி. நம் பகுதி நெசவாளர்கள் நெய்து, அவுரிச் சாயத்தில் முக்கி எடுத்த கரு நீலத் துணிக்கு பிரெஞ்சுக்காரர்கள் வைத்த பெயர் 'கினே'. அது கப்பல் ஏறி மேற்கு ஆப்பிரிக்காவின் செனகலுக்குப் போனது. அங்கே கருவேல இன மரத்தின் பிசினுக்கு மாற்றாக இந்தத் துணியைக் கொடுத்தார்கள். செனகல் ஆற்றங்கரையில் ஒரு கட்டத்தில் இந்தத் துணிதான் காசு மாதிரி புழங்கியது. அதற்கும் முன்பு, மனிதர்களை அடிமைகளாக வாங்கும் வியாபாரத்திலும் இந்தியத் துணிகள் பண்டமாற்றாகப் போயிருக்கின்றன. கேட்கவே கஷ்டமாக இருக்கிறது. ஆனால் அதுவும் இந்தக் கதையில்தான் இருக்கிறது.

துணி நிறைய வேண்டும் என்றால் நூல் நிறைய வேண்டும். கையால் நூற்று மாளாது. அதனால் மெஷின்.

அதே 1828-ல் அமெரிக்காவின் ரோட் ஐலண்ட் மாநிலத்தில் ஜான் தார்ப் என்பவர் ஒரு நூற்பு முறைக்குக் காப்புரிமை வாங்கினார். அந்த முறைக்குப் பெயர் 'ரிங்'. இந்த இரண்டு சம்பவங்களுக்கும் அப்போது எந்தத் தொடர்பும் இல்லை. ஆனால் பல ஆண்டுகள் கழித்து அந்த ரிங்தான் நம்ம ஊர் மில்களின் உயிர்நாடி ஆனது. மில் தொழிலாளி வீட்டில் பிறந்தவர்கள் 'ரிங் பிரேம்' என்ற வார்த்தையைக் கேட்காமல் வளர்ந்திருக்க மாட்டார்கள். எங்கள் தாத்தா அந்தப் பிரிவில்தான் சைடராக இருந்தார். அதாவது, மெஷினின் ஒரு பக்கம் முழுவதையும் பார்த்துக்கொண்டு, அறுந்த இழையை உடனுக்குடன் ஒட்டுபவர்.

தக்கிளி தெரியுமா?

உங்கள் வீட்டுப் பெரியவர்கள் பள்ளியில் தக்கிளி சுற்றியிருப்பார்கள். பஞ்சைப் பிடித்துச் சுழற்றிவிட்டால் முறுக்கு ஏறி இழை நீளும். கை எட்டும் வரை நீண்டதும் நிறுத்த வேண்டும். நூற்ற இழையைத் தக்கிளியில் சுற்ற வேண்டும். மறுபடி சுழற்ற வேண்டும். நூற்பு, நிறுத்தம், சுற்று. திரும்பவும் நூற்பு.

இங்கிலாந்தின் பழைய 'மியூல்' மெஷினும் பெரிய அளவில் இதைத்தான் செய்தது. அதன் வண்டி முன்னால் ஓடி இழையை நீட்டும், பின்னால் வந்து சுற்றும். போக வர நேரம் போகும். ஓட்டுவதற்கு நல்ல தேர்ச்சியும் வேண்டும்.

ரிங் இந்த நிறுத்தத்தையே எடுத்துவிட்டது. நடுவில் பாபினோடு ஸ்பிண்டில் சுழலும். அதைச் சுற்றி அசையாத ஒரு வளையம். வளையத்தின் விளிம்பில் நகத்தளவுகூட இல்லாத ஒரு கம்பித் துண்டு. அதன் பெயர் டிராவலர். இழை இந்த டிராவலருக்குள் நுழைந்து பாபினுக்குப் போகும். ஸ்பிண்டில் சுழலும்போது இழை டிராவலரையும் இழுத்துக்கொண்டு ஓடும். ஒவ்வொரு ஓட்டத்துக்கும் இழையில் ஒரு முறுக்கு விழும். ஆனால் டிராவலர் ஸ்பிண்டிலைவிடக் கொஞ்சம் பின்தங்கித்தான் ஓடும். அந்தப் பின்தங்கல் அளவுக்கு இழை பாபினில் சுற்றிக்கொள்ளும். முறுக்குவதும் சுற்றுவதும் ஒரே நேரத்தில், நிற்காமல்!

இங்கிலாந்து வெகு காலம் மியூலை விடவில்லை. இந்தியாவில் ஜே.என்.டாட்டா, நாக்பூரில் 1877-ல் தொடங்கிய எம்ப்ரஸ் மில்லில் ரிங்கை நம்பிச் சீக்கிரமே இறங்கினார். பிறகு அது நாடு முழுக்கப் பரவியது. இன்றைக்கும் நீங்கள் போட்டிருக்கும் காட்டன் சட்டையின் நூல் பெரும்பாலும் ரிங் பிரேமில் நூற்றதாகத்தான் இருக்கும். 1828-ன் யோசனை இன்னும் ரிட்டயர் ஆகவில்லை.

சரி, மெஷின் நிற்காது. பக்கத்தில் நிற்கும் ஆள்? இங்கேதான் இந்த வாரக் கதையின் உண்மையான கேள்வி வருகிறது. மெஷின் மிச்சம் பிடித்துக் கொடுத்த நேரம் யாருக்குப் போனது?

மிச்சமான நேரம் யாருக்கு?

மூன்று அமெரிக்க மெஷின்களைப் பார்த்துவிடலாம்.

முதலாவது, 1793-ல் எலை விட்னி செய்த பருத்தி ஜின். பஞ்சிலிருந்து கொட்டையைப் பிரிக்கும் மெஷின். நம்ம ஊர் ஜின்னிங் ஃபேக்டரிகளின் தாத்தாக்களில் ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். அமெரிக்காவில் விளைந்த குட்டை இழைப் பருத்தியை ஒரு ஆள் நாள் முழுக்க உட்கார்ந்து கையால் பிரித்தால் கிடைப்பது அரைக் கிலோ. விட்னியின் சின்ன மெஷினில் 20 கிலோவுக்கு மேல். வேலை குறைந்திருக்க வேண்டும் அல்லவா? நடந்தது நேர்மாறு. பருத்தியில் லாபம் கூடியதும் தோட்டங்கள் பெருகின. தோட்டங்கள் பெருகியதும் அடிமைகள் கூடுதலாகத் தேவைப்பட்டார்கள். 1790-ல் அமெரிக்காவில் அடிமைகள் சுமார் 7 லட்சம் பேர். 1860-ல் சுமார் 40 லட்சம்.

இரண்டாவது, தையல் மெஷின். ஐசக் சிங்கர் 1851-ல் காப்புரிமை வாங்கினார். ஓர் ஆண் சட்டையைக் கையால் தைக்க 14 மணி நேரம் ஆனது, மெஷினில் ஒன்றேகால் மணி நேரம் போதும் என்று அந்தக் காலத்தில் கணக்குச் சொன்னார்கள். 1856-ல் சிங்கர் கம்பெனி தவணை முறையையும் கொண்டுவந்தது. இன்று நாம் இ.எம்.ஐ. கட்டும் பழக்கத்துக்கு முன்னோடி அது. மெஷின் என்றாலே முகம் சுளிக்கும் காந்தியும் சிங்கர் தையல் மெஷினுக்கு மட்டும் விலக்கு கொடுத்தார். எங்கள் ஆயாவும் தவணையில்தான் ஒரு தையல் மெஷின் வாங்கினார். தெருவுக்கே ஜாக்கெட் தைத்து இரண்டு பெண்களுக்குக் கல்யாணம் செய்துவைத்தார். அவருக்கு அது விடுதலை. ஆனால் அதே மெஷினை வரிசையாகப் போட்டு, கதவைப் பூட்டி வேலை வாங்கினால்? 1911 மார்ச் 25 அன்று நியூயார்க்கின் டிரையாங்கிள் சட்டை ஃபேக்டரியில் தீப்பிடித்தது. 146 பேர் இறந்தார்கள். பெரும்பாலானவர்கள் தையல் வேலை பார்த்த இளம் பெண்கள்.

மூன்றாவது, மின்விளக்கு. எடிசன் 1879-ல் நெடுநேரம் எரியும் பல்பைச் செய்து காட்டினார். வீட்டுக்கு வெளிச்சம் வந்தது. மில்லுக்கு என்ன வந்தது தெரியுமா? ராத்திரி. அதுவரை சூரியன்தான் மேஸ்திரி. இருட்டினால் பெரும்பாலும் வேலை முடிந்தது. பம்பாய் மில்களில் 1905 வாக்கில் மின்விளக்கு பரவியதும் வேலை நேரம் 14 மணி நேரத்தையும் தாண்டியது. தொழிலாளர்கள் கொதித்தெழுந்தார்கள். தொழிற்சாலை வேலை நேரத்தை விசாரிக்க 1907-ல் அரசே ஒரு கமிஷன் போட வேண்டியதாயிற்று.

மூன்று மெஷினும் நேரத்தை மிச்சப்படுத்தின. ஆனால் அந்த மிச்சம் உழைத்தவர் கைக்குத் தானாக வந்து சேரவில்லை. புதுச்சேரியிலும் அப்படித்தான்.

1936 ஜூலை 30

1930-களில் இந்த ஊர் மில்களில் ஆண்களோடு பெண்களும் சிறுவர்களும் வேலை செய்தார்கள். சட்டப்படியான நேர வரம்பு இல்லை. ஆயா தன் மாமனாரைப் பற்றிச் சொன்ன கதை இது.

"எங்க மாமனாரு விடியறதுக்கு முன்ன போனா, புள்ளைங்க தூங்கினப்புறம்தான் வருவாராம். 'உன் புள்ள எவ்ளோ உசரம் வளந்துருக்கான்'னு யாராச்சும் கேட்டா, தரையிலேர்ந்து கைய ஒசத்திக் காட்ட மாட்டாராம். ரெண்டு கையயும் பக்கவாட்டுல அகட்டிக் காட்டுவாராம். படுத்திருக்கும்போதுதான பாத்திருக்காரு!"

சொல்லிவிட்டுச் சிரித்தார் ஆயா. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அந்தக் காலத்தில் தொழிலாளர்களைத் திரட்டியவர் வ.சுப்பையா. 'சுதந்திரம்' என்ற பத்திரிகையையும் நடத்தினார். 1936-ல் அவருக்கு வயது 25. கோரிக்கைகளில் முக்கியமானவை எட்டு மணி நேர வேலையும், சங்கம் வைத்துக்கொள்ளும் உரிமையும்.

அதே 1936 ஜூனில் பிரான்ஸில் தொழிலாளர்கள் ஃபேக்டரிகளுக்குள்ளேயே உட்கார்ந்து போராடி, வாரம் 40 மணி நேர வேலை என்ற சட்டத்தைப் பெற்றுவிட்டார்கள். ஆனால் அது பிரான்ஸுக்கு மட்டும். பிரெஞ்சுக் கொடி பறந்த புதுச்சேரிக்கு அந்தச் சட்டம் கப்பல் ஏறி வரவில்லை.

1936 ஜூலை 30. சவானா மில்லில் போராட்டம் நடந்துகொண்டிருந்தது. பிரெஞ்சுப் போலீஸ் துப்பாக்கிச் சூடு நடத்தியது. 12 தொழிலாளர்கள் இறந்தார்கள்.

பாரிஸ் வரை அதிர்ச்சி போனது. 1937-ல் பிரெஞ்சிந்தியாவுக்கான தொழிலாளர் சட்டம் வந்தது. எட்டு மணி நேர வேலையையும் சங்க உரிமையையும் அது ஏற்றுக்கொண்டது. ஆசியாவிலேயே முதலில் எட்டு மணி நேர வேலை வந்த இடம் புதுச்சேரி என்று ஊரில் இன்றும் பெருமையாகச் சொல்வார்கள். எல்லைக்கு அந்தப் பக்கம், பிரிட்டிஷ் இந்தியாவில், 1934-ம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டப்படி அப்போது ஒரு நாளைக்கு 10 மணி நேரம் வரை வேலை வாங்கலாம். அதாவது, எல்லையைத் தாண்டிக் கடலூர் பக்கம் போனால் சட்டப்படி வேலை நாள் இரண்டு மணி நேரம் நீண்டுவிடும்!

இன்னொரு ஒப்பீடு. ரிங், பல்ப், தையல் மெஷின் எல்லாம் தந்த அமெரிக்காவில் எட்டு மணி நேரத்துக்காக 1886 மே மாதம் சிகாகோவில் ரத்தம் சிந்தினார்கள். மே தினம் அங்கிருந்து வந்ததுதான். 1936 டிசம்பரில் மிச்சிகன் மாநிலத்தின் ஃபிளின்ட் நகரில், ஜெனரல் மோட்டார்ஸ் தொழிலாளர்கள் ஃபேக்டரிக்குள்ளேயே 44 நாள் உட்கார்ந்து போராடினார்கள். அந்த நாட்டில் பல தொழில்களுக்கும் பொதுவான வேலை நேரச் சட்டம் வந்தது 1938-ல். நம்ம ஊர்ச் சட்டத்துக்கு அடுத்த வருஷம்.

மெஷின் அங்கிருந்து வந்தது. ஆனால் மெஷினைவிட்டு வீட்டுக்குப் போகும் நேரத்தை அவரவர் ஊரில் அவரவர்தான் வாங்கினார்கள். புதுச்சேரி அதற்கு 12 உயிர்களைக் கொடுத்தது. தொழிலாளர் அமைப்புகள் இன்றும் ஜூலை 30 அன்று அவர்களுக்கு அஞ்சலி செலுத்துகின்றன.

சங்கு நின்ற பிறகு

பிறகு என்ன ஆனது? நஷ்டம், மூடல், அரசு கையில் எடுத்தது, மறுபடி நஷ்டம் என்று மில்கள் பல காலம் தள்ளாடின. 2011 டிசம்பர் 30 அன்று வீசிய தானே புயலில் ஏ.எஃப்.டி. பலத்த அடி வாங்கியது. 2020 ஏப்ரல் 30-ம் தேதியோடு அது மூடப்பட்டது. ரிங் பிரேம்கள் நின்றுவிட்டன. சங்கும் நின்றுவிட்டது.

ஆனால் எட்டு மணி நேரக் கேள்வி மட்டும் நிற்கவில்லை. 2023 ஏப்ரலில் பக்கத்து மாநிலமான தமிழ்நாட்டில், தொழிற்சாலைகளில் ஒரு நாளைக்கு 12 மணி நேரம் வரை வேலை வாங்க வழிசெய்யும் சட்டத்திருத்தம் நிறைவேறியது. கடும் எதிர்ப்பு கிளம்பியது. சில நாள்களில் நிறுத்திவைத்தார்கள். மே தினத்தன்று, திரும்பப் பெறுவதாக முதலமைச்சர் அறிவித்தார். அந்த வாரம் செய்தி தட்டிக்கொண்டிருந்த எனக்கு, 1936 ஏதோ பழங்கதை இல்லை என்று முதல் முறையாகப் புரிந்தது.

நம் கையில் இருக்கும் ஸ்மார்ட்போனையும் கொஞ்சம் பாருங்கள். ரிங் பிரேம் மாதிரியே இதுவும் நிற்காத மெஷின். தாத்தாவுக்குச் சங்கு ஊதினால் வேலை முடிந்தது. கேட்டைத் தாண்டிவிட்டால் மேஸ்திரியின் குரல் துரத்தி வராது. நமக்கோ சங்கு பாக்கெட்டிலேயே இருக்கிறது. ராத்திரி பதினொரு மணிக்கு ஆபீஸ் வாட்ஸ்அப் குரூப்பில் 'ஒரு சின்ன வேலை' என்று வந்தால், அது எந்த ஷிஃப்ட்? டெலிவரி ஓட்டும் தம்பிக்கு எப்போது சாயங்காலச் சங்கு? வீட்டிலிருந்தே வேலை பார்க்கும் அம்மாவுக்கு?

இதற்கு என்னிடம் ரெடிமேட் பதில் இல்லை. ஒன்று மட்டும் செய்கிறேன். இந்தக் கட்டுரைக்காகப் பேசிய அன்றிலிருந்து, ராத்திரி சாப்பிடும்போது போனை ஆயாவின் பழைய தையல் மெஷின் மேல் வைத்துவிட்டு வந்துவிடுகிறேன். முதல் நாள் ஆயா கேட்டார், "என்னடி, சங்கு ஊதிடுச்சா?"

"ஊதிடுச்சு ஆயா. சோறு போடு."

உங்கள் வீட்டிலும் மில் சங்கு கேட்டு வளர்ந்த தாத்தாவோ ஆயாவோ இருந்தால், இந்த ஞாயிற்றுக்கிழமை பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். எந்தச் சங்குக்கு என்ன வேலை என்று அவர்கள் விரல்விட்டுச் சொல்வார்கள். உங்கள் ஊரின் கதையும் அதற்குள் இருக்கும்.

அடுத்த வாரம்: டக் டக் டக்... அலுவலகங்களின் கதவைப் பெண்களுக்குத் திறந்துவிட்ட டைப்ரைட்டர்!